அம்மம்மாவின் கையில் ஊசியைக் கொடுத்துப் பாருங்கள்

"அம்மா, யுத்தத்துக்குள்ள உங்களுக்கு என்ன நடந்தது?"

"அதெல்லாம் இப்ப ஏன் பிள்ளை? முதல்ல பிள்ளையளுக்குச் சாப்பாட்டைக் குடு."

எங்கட வீடுகள் பலவற்றில் கதை இவ்வளவோடு முடிந்துவிடும். ஆனால் எங்கேயோ பட்டாசு வெடித்தால் திடுக்கிட்டு எழும்புவதும் அதே அம்மாதான்.

வாயால் சொல்லக் கஷ்டமானது சிலருக்குக் கையால் வருகிறது. அதற்கு நல்ல உதாரணம் எஸ்தர் கிரினிட்ஸ் என்ற யூதப் பெண்மணி. 1927இல் போலந்தில் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தவர். 1942 அக்டோபரில் அந்த ஊர் யூதர்கள் எல்லோரும் ரயில் நிலையத்துக்கு வரவேண்டும் என்று நாஜிகள் உத்தரவு போட்டார்கள். 15 வயது எஸ்தர் போகவில்லை. தங்கையோடு பிரிந்து போய், கத்தோலிக்கப் பண்ணைப் பெண்கள் போல வேறொரு கிராமத்தில் வேலை செய்து பிழைத்தார். அப்பா, அம்மா, மற்றச் சகோதரங்கள் ஒருவரையும் பிறகு காணவில்லை.

1949இல் அமெரிக்கா வந்தார். தான் பிறந்த வீட்டையும் குடும்பத்தையும் தன் இரண்டு மகள்மாரும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. படம் கீறப் படித்தவர் இல்லை. ஆனால் சின்ன வயதிலேயே தையல் பழகியவர். 50 வயதில், 1977இல், துணியில் வெட்டி ஒட்டித் தைத்து முதல் படத்தைச் செய்தார். அதில் யுத்தம் இல்லை. வீடும் வீட்டு மனிதர்களும்தான். யுத்தம் பிறகுதான் வந்தது. மொத்தம் 36 படங்கள். ஒன்றில், தோட்டத்தில் நின்ற எஸ்தரிடம் வந்த படையினரைத் தேனீக்கள் துரத்துகின்றன. படங்களின் கீழே கதையையும் நூலாலேயே எழுதினார்.

ஏன் இது உதவுகிறது? கதைக்கத் தொடங்கினால் ஞாபகம் வெள்ளமாக வரும், நிறுத்துவது கஷ்டம். தையலில் வேகம் அவருடைய கையில். நாலு தையல் போட்டுவிட்டு, வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். அன்று எதுவுமே அவர்கள் விருப்பப்படி நடக்கவில்லை. இன்று எந்த நிறம், எதைக் காட்டுவது, எதை விடுவது எல்லாம் அவர்களுடைய முடிவு.

நாங்கள் என்ன செய்யலாம்? யுத்தத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். "ஊர் வீட்டு முற்றத்தில என்ன மரம் நின்றது அம்மம்மா?" என்று உங்கள் பிள்ளை கேட்கட்டும். துணியோ, கலர் பென்சிலோ, கோலமோ, அவர்களுக்குப் பழகியது எதுவென்றாலும் சரி. பக்கத்தில் இருந்து பிள்ளையும் செய்யட்டும். பிழை திருத்தாதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள், கேட்காமல் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

இது மருந்து இல்லை. செய்த பிறகு நித்திரை குழம்பினால், பயம் கூடினால், நிறுத்திவிட்டு வைத்தியரிடம் கதையுங்கள். விருப்பமில்லை என்றால் அதையும் மதியுங்கள்.

எஸ்தர் 2001இல் காலமானார். இன்று மகள்மார் அந்தப் படங்களைக் கொண்டு தாயின் கதையைச் சொல்கிறார்கள். எங்கட அம்மாமாருக்கும் வயது போகிறது. இந்தச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து அம்மா வீட்டுக்குப் போகும்போது, ஒரு துண்டுத் துணியும் நாலு கலர் நூலும் கொண்டு போங்கள்.