‘கடைசி’ என்று விற்ற கார்

சென்ற கோடையில் டெட்ராய்ட் அருகே மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு டில்லி திரும்பினேன். அமெரிக்கா போய் வந்தவர்கள் எல்லோரும் நயாகராவைப் பற்றி எழுதிவிட்டார்கள். நான் ஒரு காரைப் பற்றி எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ அங்கே இருப்பதால் யாருக்காவது பயன்படலாம்.

ஒரு நாள் மகன் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். 1976-ஆம் வருடத்து காடிலாக் எல்டொராடோ, கூரை திறக்கும் கன்வர்ட்டிபிள், வெள்ளை நிறம், முதலில் வாங்கியவரே விற்கிறார், விலை 38,000 டாலர். ‘அமெரிக்காவின் கடைசி கன்வர்ட்டிபிள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இதை வெறும் கார்னு நினைக்காதீங்கப்பா. முதலீடு. வருஷா வருஷம் விலை ஏறும்" என்றான். பணம் எங்கிருந்து? வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்து வைத்திருந்தது. மருமகள் ஒன்றும் பேசாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அந்த மௌனத்தின் பொருள் எனக்குப் புரிந்தது. அவனுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

நான் முப்பது வருடம் சர்க்கார் மோட்டார் பிரிவில் கணக்கு பார்த்தவன். எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரியாது. ஆனால் ஒரு வண்டி எவ்வளவு செலவு வைக்கும், ஏலத்தில் என்ன போகும் என்பது ஓரளவு தெரியும். ஒரு வாரம் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அந்த ஊர் நூலகத்துக்குப் போனேன். பழைய கார்களுக்கென்றே ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள். டெட்ராய்ட் அல்லவா!

முதலில், கன்வர்ட்டிபிள் என்றால் என்ன? காரின் கூரை மழைக்கும் வெயிலுக்கும் மட்டும் என்று நினைக்கிறோம். அட்டைப் பெட்டியின் மூடியை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், நெளியும். மூடி இருந்தால் நெளியாது. காரின் கூரையும் அந்த மூடியைப் போலத்தான். அதை எடுத்துவிட்டுத் துணிக் கூரை போட்டால், அடிப்பாகத்தைக் கூடுதல் இரும்பு கொடுத்து வலுவாக்க வேண்டும். எல்டொராடோவின் நீளம் 18 அடி 8 அங்குலம். நம் அம்பாசிடரைவிட நாலரை அடி அதிகம். எடை அம்பாசிடரைப் போல இரண்டு மடங்கு. எஞ்சின் 8.2 லிட்டர், அதாவது ஐந்து அம்பாசிடர் எஞ்சின்களைச் சேர்த்தாலும் எட்டாது. இத்தனைக்கும் சக்தி 190 குதிரை மட்டுமே! புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்த காலம் அது.

1965-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய ஐந்து லட்சம் கன்வர்ட்டிபிள்கள் விற்றன. பத்தே வருடத்தில் அந்த மோகம் வற்றிவிட்டது. காரில் ஏர்கண்டிஷன் வந்துவிட்டது. பெரிய நெடுஞ்சாலைகளில் வேகமாகப் போகும்போது துணிக்கூரை படபடத்தது. அதோடு, கார் உருண்டால் உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசாங்கம் ஒரு விதி கொண்டுவரப் போகிறது, அதன்பின் கன்வர்ட்டிபிளே செய்ய முடியாது என்ற பேச்சு. ஒவ்வொரு கம்பெனியாக நிறுத்தின. 1976-ல் அமெரிக்கக் கம்பெனிகளில் மிஞ்சியது எல்டொராடோ ஒன்றுதான். இதுவே கடைசி என்று காடிலாக் அறிவித்தது.

ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். 1975-ல் 8,950 வண்டிகள் செய்திருந்த இடத்தில் 1976-ல் 14,000 செய்தார்கள். பட்டியல் விலை சுமார் 11,000 டாலர். அதற்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள் ஏராளம். ஏப்ரல் 21-ஆம் தேதி கடைசி வண்டி வெளிவந்தது. கடைசி 200 வண்டிகளை ஒரே மாதிரி வெள்ளையில், உள்ளே சிவப்புக் கம்பளத்தோடு செய்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பயமுறுத்திய அந்தத் தடை வரவே இல்லை. வெளிநாட்டுக் கன்வர்ட்டிபிள்கள் அங்கே விற்றுக்கொண்டேதான் இருந்தன. 1982-ல் கிரைஸ்லர் மறுபடி செய்யத் தொடங்கியது. 1984-ல் காடிலாக்கே கூரை திறக்கும் எல்டொராடோவைக் கொண்டுவந்தது! ‘கடைசி’ என்று நம்பி வாங்கிய சிலர் கோர்ட்டுக்கே போனார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பழைய கார் விலை ஏறுவது, மற்றவை எல்லாம் காயலான் கடைக்குப் போய்ச் சில மட்டும் தங்குவதால். இந்த வண்டியையோ முதல் நாளே பொக்கிஷம் என்று போர்த்தி வைத்தவர்கள் ஆயிரக்கணக்கில். எல்லோரும் பாதுகாத்த பொருள் எப்படி அரிதாகும்?

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்குச் சில குறிப்புகள் சேகரித்தேன். அந்தப் பக்கம் பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள். ஆகவே வண்டியின் அடியில் துருவைப் பாருங்கள். பம்பருக்கும் உடலுக்கும் நடுவே உள்ள பிளாஸ்டிக் துண்டுகள் வயதானால் பொடிந்து போகும். கூரையை மோட்டாரும் பற்சக்கரங்களும் உள்பக்கமாக மடிக்கின்றன. இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், ரிப்பேர் செலவு அதிகம். வெள்ளைப் பெயின்ட் அடித்து ‘அந்த 200-ல் ஒன்று’ என்று சொல்வது எளிது, காகிதம் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். விற்பவர் எண்பது வயது தாண்டியவர். 200-ல் ஒன்று என்று அவர் சொல்லவில்லை. வண்டியில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கூரை சத்தமில்லாமல் இறங்கியது. முன் சீட்டில் மூவரும் உட்கார, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். பொய் சொல்வானேன், எனக்கே ஆசை வந்துவிட்டது. இறங்கியதும், பட்டியல் விலைக்கு மேல் கொடுத்து வாங்கியதாகவும், மகளோடு இருக்கப் போவதால் விற்பதாகவும் சொன்னார். "பேரன் காலேஜுக்கு ஆகும்னு நினைச்சேன்" என்றார்.

வீடு திரும்பியதும் மகனே காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டான். 1976-ல் 11,000 டாலர் என்பது விலைவாசி ஏற்றத்தில் இன்று 60,000-க்கு மேல். பெரியவர் கேட்பது 38,000. ஐம்பது வருடம் கழுவித் துடைத்து, இன்ஷூரன்ஸ் கட்டி, கொட்டகையில் இடம் கொடுத்தது தனி. அவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தவருக்கே நஷ்டம். என் மனைவி, "அந்தப் பணத்துக்கு அன்னைக்குத் தங்கம் வாங்கியிருந்தா?" என்று கேட்டாள். 1976-ல் அவுன்ஸ் தங்கம் சுமார் 125 டாலர். 2025-ல் 3,000-ஐத் தாண்டியிருந்தது. அவள் கேட்ட பிறகு யாரும் பேசவில்லை.

ஆசைக்கு வாங்குபவரை நான் தடுக்க மாட்டேன். சீட்டுக் கட்டுவது போல லாபக் கணக்குச் சொல்லி வாங்கினால்தான் வம்பு.

மகன் பெரியவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். நான் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். பார்க்கப் போனபோது, பழைய வழக்கம் விடுமா, கார் கொட்டகையை டேப் வைத்து அளந்தேன். சரியாக 18 அடி.