குடலிறக்கத்துக்குள் குடல்வால்

"கவட்டியில கட்டி மாதிரி தெரியுது, படுத்தா உள்ளே போயிடுது." ஹெர்னியா எனப்படும் குடலிறக்கம் உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அடிவயிற்றுத் தசை தளர்ந்த இடத்தின் வழியாக வயிற்றின் உள்சவ்வு ஒரு பைபோலப் பிதுங்கும். அந்தப் பைக்குள் கொழுப்போ சிறுகுடலோ வந்து இறங்கும். அபூர்வமாக, நூற்றுக்கு ஒருவருக்கோ அதனினும் குறைவாகவோ, குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வந்து உட்கார்ந்திருக்கும். இதற்கு 'அம்யண்ட் ஹெர்னியா' என்று பெயர்.

கிளாடியஸ் அம்யண்ட், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் அறுவை மருத்துவர். 1735-ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 11 வயதுச் சிறுவன் ஒருவனின் குடலிறக்கத்தைத் திறந்தார். உள்ளே குடல்வால் இருந்தது. சிறுவன் விழுங்கிய குண்டூசி அதைத் துளைத்திருந்தது. மயக்க மருந்து வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது! சுமார் அரைமணி நேரம் போராடிக் குடல்வாலை அகற்றினார், பையன் பிழைத்தான். வெற்றிகரமாக நடந்ததாகப் பதிவான முதல் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் இதுவே.

குடல்வால் வயிற்றின் வலது கீழ்ப்பகுதியில் இருப்பதால், இவ்வகை பெரும்பாலும் வலப்புறத்திலேயே வரும். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஸ்கேனில் சில சமயம் தெரியும். பல சமயம் ஆபரேஷன் மேஜையில்தான் தெரியவரும்.

அப்படித் தெரியும்போது எழும் கேள்வி ஒன்றுதான்: வலை வைக்கலாமா, கூடாதா?

இன்று பெரியவர்களுக்குக் குடலிறக்கத்தைச் சரிசெய்ய, பலவீனமான இடத்தில் பாலிப்ரொப்பிலீன் வலையைப் பொருத்துகிறார்கள். ஆனால் சீழ் உள்ள இடத்தில் வலை வைத்தால் கிருமி அதில் குடியேறிவிடும். பிறகு வலையையே எடுக்க நேரலாம். ஆகவே குடல்வாலின் நிலையே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. லோசனோஃப், பாசன் என்னும் இரு மருத்துவர்கள் 2008-இல் இதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். குடல்வால் நன்றாக இருந்தால் உள்ளே தள்ளிவிட்டு வலை வைப்பது முதல் வகை. வீங்கியிருந்தால் அதை அகற்றி, வலையின்றித் தையல் போடுவது இரண்டாவது. வெடித்துச் சீழ் வயிற்றுக்குள் பரவியிருந்தால் வயிற்றைச் சுத்தம் செய்வதே முதல் வேலை, இது மூன்றாவது. வயிற்றில் வேறு நோயும் சேர்ந்திருப்பது நான்காவது.

லேப்பராஸ்கோப் கைகொடுப்பது இங்கேதான். 1980-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கூர்ட் செம் என்ற மகளிர் மருத்துவர் இக்கருவியால் குடல்வாலை அகற்றினார். நம் நாட்டில் 1990-இல் மும்பையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா இம்முறையில் பித்தப்பை ஆபரேஷன் செய்தபின் இது பரவலாயிற்று. தொப்புளருகே சிறு துளையிட்டு, கரியமில வாயுவால் வயிற்றை உப்பச் செய்து, கேமராவை உள்ளே விடுகிறார்கள். குடல்வால் எங்கே நுழைந்திருக்கிறது என்பது திரையில் தெரிந்துவிடும். உள்ளிருந்து மெல்ல இழுத்து, வெளியிலிருந்து கையால் அழுத்தி, அதை வயிற்றுக்குள் கொண்டுவந்து நிறம், வீக்கம் எல்லாம் பார்க்கலாம். தேவைப்பட்டால் அதே துளைகள் வழியாக அகற்றியும் விடலாம். கேமராவை வயிற்றுக்குள் விடாமல், தசைக்கும் உள்சவ்வுக்கும் நடுவே மட்டும் செலுத்தும் இன்னொரு முறையும் உண்டு. பையைத் திறக்காதவரை அதில் இந்த உள்காட்சி கிடைக்காது.

நன்றாக இருக்கும் குடல்வாலையும் 'போகட்டும்' என்று எடுத்துவிடலாமா? பெரியவர்களுக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். குடலை வெட்டினால், கிருமியற்ற ஆபரேஷனில் வீணாகக் கிருமிக்கு வழி திறந்ததாகிவிடும்.

வெளியூரில் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "லீவு கிடைக்கட்டும், ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்." கூச்சமும் சேர்ந்துகொண்டால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும். வலியில்லாமல் உள்ளே போய்வரும் வீக்கத்தையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. ஆனால் வீக்கம் உள்ளே போக மறுத்தால், தொட்டால் வலித்தால், சிவந்தால், காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தால், ஒருநாள்கூடப் பொறுக்கக் கூடாது. நாமாக அழுத்தித் தள்ளவும் கூடாது. இருக்கிற ஊரிலேயே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். குடல்வால் கெடுவதற்கு முன் போனால், ஒரே ஆபரேஷனில் வலையும் வைத்து வீடு திரும்பலாம்.