ஓய்விலும் உழைக்கும் இதயம்

மனித இதயம் இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே, நுனி இடப்பக்கம் சாய்ந்தபடி இருக்கிறது. துடிப்பைத் தொட்டு உணர முடிவது அந்த நுனியில்தான் என்பதால், இதயமே இடப்பக்கத்தில் இருப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். மூடிய கை அளவே இருக்கும். எடை ஏறக்குறைய 300 கிராம். நிமிடத்துக்குச் சுமார் 72 முறை துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் 70 மில்லி ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. உடலில் இருக்கும் ஐந்து லிட்டர் ரத்தமும் ஒரே நிமிடத்தில் இதயத்தைக் கடந்துவிடுகிறது என்று பொருள்.

ரத்தம் சுற்றி வருகிறது என்பதே இப்படிப்பட்ட ஒரு பெருக்கல் கணக்கில்தான் பிடிபட்டது. கல்லீரலில் புதிது புதிதாக ரத்தம் ஊறி, உறுப்புகளில் செலவாகிவிடுகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதை ஐரோப்பிய மருத்துவர்கள் 1,400 ஆண்டுகளாக நம்பிவந்தார்கள். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி, ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தை வேண்டுமென்றே மிகக் குறைவாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். அப்போதும் அரைமணி நேரக் கணக்கு உடலின் மொத்த ரத்தத்தைத் தாண்டியது. அவ்வளவு ரத்தத்தை எந்தச் சாப்பாட்டாலும் உண்டாக்க முடியாது. போன ரத்தம்தான் திரும்பி வருகிறது என்று 1628-ல் எழுதினார். தமனிகளையும் சிரைகளையும் இணைக்கும் தந்துகிகளை அவர் பார்த்ததில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-ல், தவளையின் நுரையீரலில் அவற்றை நுண்ணோக்கி வழியே கண்டவர் இத்தாலியின் மால்பிகி.

இதயம் உண்மையில் அருகருகே ஒட்டிய இரண்டு பம்புகள். வலது பம்பு, உடலைச் சுற்றி வந்த ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு திரும்பும் ரத்தத்தை இடது பம்பு மகாதமனி வழியாக உடல் முழுவதற்கும் செலுத்துகிறது. நுரையீரல் பக்கத்திலேயே இருப்பதால் வலது கீழறையான வெண்ட்ரிக்கிளுக்கு 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தமே போதும். இடதுக்கு 120 வேண்டும். அதன் சுவர் மூன்று மடங்கு தடித்திருப்பது அதனால்தான்.

ரத்தம் பின்னோக்கி வராமல் நான்கு வால்வுகள் தடுக்கின்றன. இவை தாமாக இயங்குவதில்லை. ரத்தத்தின் அழுத்தமே திறக்கிறது, மூடுகிறது. மேலறையான ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் இடைப்பட்ட வால்வுகள், பெருங்காற்றில் குடை திருப்பிக்கொள்வதுபோல மேல்நோக்கிப் புரளாமலிருக்க, அவற்றின் இதழ்களை மெல்லிய நாண்கள் கீழிருந்து பிடித்திருக்கின்றன. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ‘லப்-டப்’ இந்த வால்வுகள் மூடும்போது எழும் ஓசை.

துடிக்கச் சொல்லும் ஆணை மூளையிலிருந்து வருவதில்லை. வலது ஆரிக்கிளின் மேல்பகுதியில் உள்ள சைனஸ் கணு தானாகவே மின்துடிப்பை உண்டாக்குகிறது. நரம்புகள் வேகத்தைக் கூட்டிக் குறைக்க மட்டுமே. நரம்புகள் அறுபட்ட மாற்று இதயமும் புதிய உடலில் துடிப்பது இதனால்தான். மின்துடிப்பு ஆரிக்கிள்களைச் சுருக்கியபின், வெண்ட்ரிக்கிள்களுக்குப் போகும் வழியில் பத்தில் ஒரு விநாடி தாமதிக்கிறது. அந்த இடைவெளியில் வெண்ட்ரிக்கிள்கள் முழுமையாக நிரம்பிக்கொள்கின்றன.

ஒரு துடிப்புக்கு ஆகும் 0.8 விநாடியில் வெண்ட்ரிக்கிள்கள் சுருங்குவது சுமார் 0.3 விநாடிதான், மீதி நேரம் தளர்ந்திருக்கின்றன. அந்தத் தளர்வு வெறும் ஓய்வல்ல. சுருங்கும்போது இடது வெண்ட்ரிக்கிளின் தசை தன் ரத்தக்குழாய்களையே நெருக்கிவிடுவதால், கரோனரி தமனிகள் வழியாக அதற்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் தளர்வின்போதே கிடைக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கத் துடிக்க, இந்த நேரம்தான் முதலில் குறைகிறது. போதாக்குறைக்கு, வந்த ரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் முக்கால் பங்கை இதயத்தசை சாதாரண நேரத்திலேயே எடுத்துவிடுகிறது. கூடுதலாகத் தேவைப்பட்டால் கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும், வேறு வழியில்லை.

கரோனரி தமனியில் கொழுப்பு படிந்து பாதை குறுகியவருக்கு, உட்கார்ந்திருக்கையில் தெரியாத வலி மாடிப்படி ஏறும்போது வருவதன் காரணம் இதுவே. நடு மார்பில் அழுத்தும் வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் சேர்ந்தால், வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.