மருந்தின் பாதை – 11: கல்லீரலின் வேலையைக் காட்டும் பூஞ்சை

டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தும்மலை நிறுத்தும், பழைய மாத்திரைகளைப் போலத் தூக்கத்தில் ஆழ்த்தாது. ஆனால், அதனுடன் கீட்டோகோனசோல், எரித்ரோமைசின் போன்ற மருந்துகளையும் சாப்பிட்ட சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது. உயிரிழப்புகளும் நேர்ந்தன.

விழுங்கிய டெர்ஃபெனடினில் பெரும்பகுதி, குடல் சுவரையும் கல்லீரலையும் முதன்முறை கடக்கும்போதே ஃபெக்ஸோஃபெனடின் என்ற வேறு பொருளாகிவிடும். ஒவ்வாமையைத் தணித்தது இந்தப் பொருள்தான். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியை உடன் சாப்பிட்ட மருந்து முடக்கியபோது, மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் தேங்கி இதயத்தைத் தாக்கியது. 1996இல் ஃபெக்ஸோஃபெனடின் தனி மருந்தாக அனுமதி பெற்றது. 1998இல் டெர்ஃபெனடின் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இன்று நம்மூர் மருந்துக்கடையில் ‘அலெக்ரா’ என்று கேட்டு வாங்குவது ஃபெக்ஸோஃபெனடினைத்தான்.

எனவே, ஒரு மருந்து உடலுக்குள் என்னவாக மாறுகிறது என்று தெரியாதவரை அந்த மருந்தைப் பற்றிப் பாதிதான் தெரியும். மாறி உருவாகும் வளர்சிதைப் பொருளைத் தனியே சோதிக்க வேண்டுமானால் அது கைக்கு எட்டும் அளவில் வேண்டும். ரத்தத்திலும் சிறுநீரிலும் கிடைப்பதோ மிகச் சொற்பம். மூலக்கூறின் குறிப்பிட்ட ஒரு கார்பனில் மட்டும் ஆக்சிஜனைச் சேர்ப்பது வேதியியலாளருக்கும் எளிதல்ல.

மண்ணில் வாழும் பூஞ்சைக்கு அது அன்றாட வேலை. 1952இலேயே அப்ஜான் நிறுவனத்தின் பீட்டர்சனும் முர்ரேயும், ரைசோபஸ் பூஞ்சை புரோஜெஸ்டிரோனின் 11ஆம் கார்பனில் ஆக்சிஜனைச் சேர்ப்பதைக் காட்டினார்கள். கார்ட்டிசோன் தயாரிப்பு அதனால் எளிதானது. 1970களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்மித்தும் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜான் ரொசாசாவும் அடுத்த அடியை எடுத்துவைத்தார்கள். பாலூட்டியின் உடலில் மருந்து எப்படி மாறும் என்பதற்கு நுண்ணுயிரையே மாதிரியாகக் கொள்ளலாம் என்றார்கள்.

இந்தத் துறையின் செல்லப்பிள்ளை கன்னிங்ஹமெல்லா எலிகன்ஸ் என்ற பூஞ்சை. நம் கல்லீரலில் இருக்கும் சைட்டோகுரோம் பி450 குடும்ப நொதிகள் இதற்கும் உண்டு. எண்ணெய்ப்பசையான மருந்தில் ஆக்சிஜனைச் சேர்ப்பது முதல் கட்டம். குளுகுரோனிக் அமிலத்தையோ சல்ஃபேட்டையோ ஒட்டி நீரில் நன்கு கரையவைப்பது இரண்டாம் கட்டம். இரண்டையும் இந்தப் பூஞ்சை செய்கிறது. அந்துருண்டையிலுள்ள நாஃப்தலீனைக் கொடுத்துப் பார்த்தால் உறவு தெளிவாகத் தெரியும். பாக்டீரியா பெரும்பாலும் ஆக்சிஜனின் இரு அணுக்களையும் ஒரே பக்கத்தில் பொருத்தும். கன்னிங்ஹமெல்லாவோ, கல்லீரலைப் போலவே, ஓர் அணுவைப் பொருத்திவிட்டு, பிறகு நீரிலிருந்து இன்னொன்றை எடுத்து எதிர்ப்பக்கத்தில் சேர்க்கும்.

சோதனைக்குப் பெரிய கருவிகள் வேண்டாம். சோயா மாவு, குளுக்கோஸ், ஈஸ்ட் சாறு, உப்புகள் சேர்ந்த கரைசலில் பூஞ்சையைக் குடுவையில் வளர்க்கிறார்கள். வளர்ந்ததில் ஒரு பங்கைப் புதிய கரைசலுக்கு மாற்றி, ஒரு நாள் கழித்து மருந்தைச் சேர்த்து, குலுக்கு இயந்திரத்தில் சில நாட்கள் விடுகிறார்கள். பக்கத்திலேயே இரண்டு ஒப்பீட்டுக் குடுவைகள்: ஒன்றில் மருந்து இல்லாத பூஞ்சை, மற்றதில் பூஞ்சை இல்லாத மருந்து. இவை இரண்டிலும் காணாத பொருள் முதல் குடுவையில் தென்பட்டால், அது பூஞ்சை மருந்தை மாற்றி உண்டாக்கியது. டெர்ஃபெனடினை ஃபெக்ஸோஃபெனடினாக மாற்றும் பூஞ்சைகளையும் இப்படித்தான் கண்டறிந்திருக்கிறார்கள்.

இதன் பலன் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. கொழுப்பைக் குறைக்கும் காம்பாக்டினை ஜப்பானின் சாங்கியோ நிறுவனத்தில் அகிரா எண்டோவின் குழு ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து 1973இல் பிரித்தெடுத்தது. காம்பாக்டின் கொடுக்கப்பட்ட நாயின் சிறுநீரில் பிறகு சிறிதளவு வேறொரு பொருள் தென்பட்டது. அதுதான் பிராவாஸ்டாட்டின். ஸ்ட்ரெப்டோமைசஸ் கார்போபிலஸ் என்ற நுண்ணுயிர், தன் பி450 நொதியால் அதே மாற்றத்தைத் தொழிற்சாலைத் தொட்டியில் செய்து தந்தது. 1989இல் ஜப்பானில் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது.

எல்லையையும் சொல்ல வேண்டும். பூஞ்சைக்கு ரத்த ஓட்டமில்லை, சிறுநீரகமில்லை. நம் உடலில் உருவாகாத பொருளையும் அது செய்யக்கூடும். உருவாவதைச் செய்யாமலும் விடலாம். எவ்வளவு நேரத்தில், எந்த அளவில் மருந்து மாறும் என்பதை மனிதக் கல்லீரல் செல்களிலும், இறுதியில் மனிதரிடமும்தான் உறுதிசெய்ய முடியும். ஆனால், அங்கே எதைத் தேட வேண்டும் என்பதைப் பூஞ்சை முன்னரே காட்டிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பொருளையும் போதிய அளவில் செய்து தரும். இதனால் தேவைப்படும் விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்க வழி இருக்கிறது. குடுவையும் குலுக்கு இயந்திரமும் உள்ள கல்லூரி ஆய்வகம்கூட இந்தத் தேடலில் இறங்கலாம். நம் கல்லூரிகள் இறங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அடுத்த வாரம்: நம் குடலிலேயே குடியிருந்து, டிகாக்சின் என்ற இதய மருந்தைச் செயலிழக்கச் செய்யும் பாக்டீரியாவைப் பார்ப்போம்.

(தொடரும்)