நடுக்கமும் மனச்சோர்வும்

2016 மே மாதம் அரநாயக்க மண்சரிவில் குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியேறின. அப்படிப் புறப்படுகையில் கிளினிக் கொப்பியும் தவறிவிடுகிறது. பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோயாளருக்கு அது பேரிழப்பு.

இந்நோயில் மூளையில் டோபமின் குறைகிறது. மனச்சோர்வு பலருக்கு நோயின் ஒரு பகுதியாகவே வருகிறது. அது மனப் பலவீனமன்று. இடப்பெயர்வின் துயரம் அதை மேலும் கூட்டலாம். மருந்தால் பயனுண்டு, ஆனால் அவதானம் தேவை.

அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மனக்குழப்பம் தரலாம். நடுக்கத்துக்குக் கொடுக்கும் லெவோடோபாவைப் போல, எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தத்தையும் குறைக்கலாம். இரவில் லயத்துப் படியிறங்கும் முதியவர் தலைசுற்றி விழுவது இதனாலும் இருக்கலாம். புளுஒக்சற்றின், சேர்ட்ரலின் போன்றவை குமட்டல் தரலாம். சிலருக்கு நடுக்கம் கூடலாம். செலெஜிலின் பாவிப்பவருக்கு இவற்றைச் சேர்த்தால், அரிதாக, காய்ச்சல், பதற்றம், தசை இறுக்கம் ஏற்பட்டு உயிராபத்தும் நேரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

அன்பான குடும்பத்தினரே, புதிய வைத்தியரிடம் பாவிக்கும் எல்லா மருந்துகளையும் காட்டுங்கள். மருந்துப் பெயர்களை இன்னொரு தாளிலும் எழுதி வையுங்கள். முதியவரைச் சற்று உட்காரவைத்தே எழச் செய்யுங்கள். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் வையுங்கள்.