வெளிவருமுன் பொதியாகும் லிப்ரே ஒபிஸ்

லினக்ஸ் கணினியில் கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் பெரும்பாலானோர் பயன்படுத்துவது லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள். அதன் மூலநிரலை உலகெங்குமுள்ள நிரலாளர்கள் எழுதுகிறார்கள். பேர்லினில் இயங்கும் தி டொக்கியுமன்ட் பவுண்டேசன் அவர்களை ஒருங்கிணைக்கிறது. பயனரின் கணினிக்கு அதைக் கொண்டுவந்து சேர்ப்பது டெபியன், உபுண்டு, பெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்கள். வழங்கலிலுள்ள ஆயிரக்கணக்கான மற்ற மென்பொருள்களோடு முட்டிக்கொள்ளாமல் நிறுவக்கூடிய பொதிகளாக அந்த மூலநிரலை மாற்றும் வேலை இடையில் நடக்கிறது. புதிய பதிப்பு வெளிவந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். அதனால் சோதனை நிலையில் இருக்கும்போதே, குறை இருக்கும் என்று தெரிந்தே, பொதி போடத் தொடங்குகிறார்கள்.

இந்த மென்பொருளின் வேர் ஸ்டார் ஒபிஸ் என்ற ஜேர்மன் மென்பொருளில் இருக்கிறது. அதை 1999இல் வாங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ், 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் மூலநிரலைத் திறந்துவிட, ஓபின் ஒபிஸ் பிறந்தது. 2010இல் சன் ஒரக்கிளின் கைக்குப் போனதும் பங்களிப்பாளர்களில் பெரும்பகுதியினர் பிரிந்து, அதே ஆண்டு செப்டெம்பர் 28ஆம் நாள் லிப்ரே ஒபிஸை அறிவித்தார்கள். அறிவித்த அன்றே கிடைத்தது 3.3 பதிப்பின் பீட்டா. முழுமையான 3.3 வெளியானது 2011 ஜனவரி 25இல். ஏப்ரலில் வந்த உபுண்டு 11.04 ஓபின் ஒபிஸை விட்டு லிப்ரே ஒபிஸுக்கு மாறியிருந்தது. முன்வெளியீட்டு நிலையிலேயே பொதி வேலை நடந்திராவிட்டால் மூன்று மாதத்தில் அப்படி மாறியிருக்க முடியாது.

இப்போது ஆண்டுக்கு இரண்டு பெரும் பதிப்புகள் வருகின்றன, ஒன்று பெப்ரவரியை ஒட்டி, மற்றது ஓகஸ்டில். 2024 முதல் ஆண்டும் மாதமுமே பதிப்பெண்: 24.2, 24.8, 25.2, 25.8. ஒவ்வொன்றும் அல்பா, பீட்டா, வெளியீட்டு வேட்பாளர் என்ற படிகளைத் தாண்டி வருகிறது. அல்பாவில் புதிய வசதிகள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். பீட்டாவுக்குப் பிறகு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஆர்சி என்று சுருக்கி அழைக்கப்படும் வேட்பாளர் நிலையில் வழுத்திருத்தம் மட்டுமே நடக்கும். கடைசி ஆர்சியில் பெரிய குறை எதுவும் அகப்படாவிட்டால் அதுவே, ஒரு பிட் மாறாமல், இறுதி வெளியீடாகிவிடுகிறது. ஆகவே ஆர்சியைச் சோதிப்பவர் நாளைக்கு எல்லோர் கணினியிலும் ஓடப்போகும் அதே நிரலைத்தான் சோதிக்கிறார்.

டெபியனில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் மற்ற வழங்கல்களில் நடப்பதும் பெரும்பாலும் விளங்கிவிடும். லிப்ரே ஒபிஸின் மூலநிரல் நான்கு பெரிய கட்டுகளாக வருகிறது: மென்பொருளின் மையநிரல், அகராதிகள், உதவிப் பக்கங்கள், மொழிபெயர்ப்புகள். பராமரிப்பாளர் அவற்றின் மின்கையொப்பத்தைச் சரிபார்த்து, தன்னிடமுள்ள ‘டெபியன்’ என்ற கோப்புறையை அதன்மேல் வைக்கிறார். எந்தெந்தப் பொதிகள் உருவாக வேண்டும், அவை எவற்றைச் சார்ந்திருக்கின்றன, எந்தக் கட்டளைகளால் தொகுப்பது, எந்தக் கோப்புக்கு எந்த உரிமம் என்பதெல்லாம் அதற்குள் எழுதப்பட்டிருக்கும். முந்தைய பதிப்புக்குப் போட்ட ஒட்டுத் திருத்தங்களும் அங்கேயே இருக்கும். புதிய முன்வெளியீடு வந்ததும் அந்த ஒட்டுகளில் சில தேவையற்றுப் போகும், ஏனென்றால் அந்தத் திருத்தம் மூலத்திலேயே சேர்ந்திருக்கும். வேறு சில, சுற்றியுள்ள நிரல் மாறியதால் பொருந்தாமல் நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து எடுப்பதா, திருத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். டெபியனில் ரெனே எங்கெல்ஹார்ட் நீண்ட காலமாக இந்த வேலையைச் செய்துவருகிறார்.

அடுத்து வருவதுதான் பயனருக்குக் கண்ணில் படாத மிகப் பெரிய வேலை. லிப்ரே ஒபிஸ் பிறர் எழுதிய பல நிரலகங்களைத் தன்னோடு சுமந்துவருகிறது. விண்டோஸுக்கு அது வசதி. லினக்ஸ் வழங்கல் அதை ஏற்பதில்லை. தன் பொதிக் களஞ்சியத்தில் ஏற்கனவே உள்ள பொது நிரலகத்தையே பயன்படுத்தச் சொல்லும். காரணம் பாதுகாப்பு. ஒரு நிரலகத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் ஓரிடத்தில் அடைத்தால் போதும், இருபது மென்பொருளுக்குள் இருக்கும் இருபது பிரதிகளைத் தேடித் திரிய வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், முன்வெளியீடு நேற்று வந்த புதிய நிரலகத்தைக் கேட்கும். களஞ்சியத்தில் பழையது இருக்கும். அப்போது முதலில் அந்த நிரலகத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதைச் சார்ந்த மற்ற மென்பொருள்கள் உடைகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

தமிழ் இங்கேதான் நேரடியாகச் சம்பந்தப்படுகிறது. ‘கொ’ என்ற எழுத்து ஒருங்குறியில் ககரமும் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்தின் இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நிற்க வேண்டும். இதைச் செய்வது ஹார்ப்பஸ் என்ற எழுத்து அமைப்பு நிரலகம். லிப்ரே ஒபிஸ் 2013இல் வந்த 4.1 பதிப்பில் லினக்ஸிலும், 2017இல் வந்த 5.3 பதிப்பில் எல்லா இயங்குதளங்களிலும் அதற்கு மாறியது. டெபியனில் லிப்ரே ஒபிஸ் பயன்படுத்துவது களஞ்சியத்திலுள்ள பொது ஹார்ப்பஸை. ஆகவே மூலத்தைத் தொகுத்தவரிடம் சரியாகத் தெரிந்த தமிழ் வரி, வழங்கலின் பொதியில் வேறுவிதமாகத் தெரிய இடமுண்டு. ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் அது ஒருநாளும் படாது.

பதிப்பெண்ணில் ஒரு சிறிய நுட்பம் இருக்கிறது. கணினி ‘25.8.0ஆர்சி1’ என்பதை ‘25.8.0’ என்பதோடு ஒப்பிட்டால், நீளமாக இருப்பதால் முதலாவதையே புதியது என்று எடுத்துக்கொள்ளும். அப்படி விட்டால் முன்வெளியீட்டை நிறுவியவருக்கு இறுதி வெளியீடு வந்து சேராது. தன்னிடம் அதைவிடப் புதியது இருப்பதாகவே கணினி எண்ணிக்கொண்டிருக்கும். டெபியன் இதற்கு அலைக்குறியைப் பயன்படுத்துகிறது. அலைக்குறிக்குப் பின்னால் வருவது எதுவானாலும், அது வெறுமையைவிடவும் சிறியது என்பது விதி. எனவே ‘25.8.0~பீட்டா1’, ‘25.8.0~ஆர்சி1’, ‘25.8.0’ என்று வரிசை ஒழுங்காக ஏறுகிறது. பெடோரா முன்பு பொதியின் வெளியீட்டு எண்ணைப் பூச்சியத்தில் தொடங்கி இதே காரியத்தைச் சாதித்தது. பின்னர் அதன் பொதி வடிவமான ஆர்பிஎம்மும் அலைக்குறியை ஏற்றுக்கொண்டது.

தொகுத்தல் பல மணிநேரம் எடுக்கும். டெபியன் ஒரே மூலத்தைப் பல வகைக் கணினிகளுக்குத் தொகுக்கிறது: வழக்கமான 64 பிட் மேசைக்கணினி, ஆர்ம் செயலி, ஐபிஎம்மின் பெருங்கணினி, 2025இன் டெபியன் 13இல் முதன்முறையாக அதிகாரபூர்வமாகச் சேர்ந்த ரிஸ்க்-5 என்று பட்டியல் நீள்கிறது. ஐபிஎம் பெருங்கணினி எண்களின் பைட்டுகளை மற்றவற்றுக்கு எதிர் வரிசையில் சேமிக்கும். மேசைக்கணினியில் தேறிய சோதனை அங்கே தவறுவதும் நடக்கும். எந்தத் தவறு உண்மையான வழு, எது அந்த வகைக் கணினிக்கு மட்டும் உரியது என்று பிரித்தறிய அனுபவம் வேண்டும்.

தொகுத்து முடிந்ததும் ஒன்றாக இருந்த மென்பொருள் எழுத்துச் செயலி, விரிதாள், காட்சியளிப்பு, தரவுத்தளம் என்று தனித்தனிப் பொதிகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு மொழியின் இடைமுகத்துக்கும் ஒரு பொதி உண்டு, தமிழுக்கும் உண்டு. பட்டியல்களிலும் உரையாடல் பெட்டிகளிலும் தெரியும் தமிழ்ச் சொற்கள் அதற்குள் இருக்கின்றன. அவற்றைத் தன்னார்வலர்கள் வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் எழுதுகிறார்கள். வெளியீடு நெருங்கும்போது ஆங்கிலச் சொற்களை மாற்றுவது நிறுத்தப்படுகிறது. அதற்குப் பிறகு கிடைக்கும் சில வாரங்களே மொழிபெயர்ப்பாளருக்கு அவகாசம். வெப்லேட்டில் ஒரு சொல் தனியாகத் தெரியும். அது எந்தப் பட்டியலில், எவ்வளவு இடத்தில் உட்காரப்போகிறது என்று அங்கே தெரியாது. பொத்தானுக்குள் அடங்காமல் வெட்டுப்பட்ட தமிழ்ச் சொல் முன்வெளியீட்டை நிறுவிப் பார்த்தால்தான் தெரியவரும்.

பிரித்த பொதிகள் டெபியனின் பரிசோதனைக் களஞ்சியத்துக்குப் போகின்றன. அங்குள்ளவை தாமாக எவர் கணினியிலும் ஏறமாட்டா. வேண்டுமென்று பெயர்சொல்லிக் கேட்பவருக்கே கிடைக்கும். நம்பிக்கை வந்ததும் அவை சிட் என்ற நிலையற்ற களஞ்சியத்துக்கும், சில நாட்கள் குறையின்றித் தாக்குப்பிடித்தால் சோதனைக் களஞ்சியத்துக்கும் நகர்கின்றன. அங்கிருந்து சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நிலையான பதிப்பு பிறக்கிறது. 2025 ஓகஸ்ட் 9இல் வெளியான டெபியன் 13 தன்னோடு கொண்டுவந்தது லிப்ரே ஒபிஸ் 25.2ஐ. நிலையான பதிப்பில் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். எழுத்து சற்று விலகி நிற்கிறது, சொல் வெட்டுப்படுகிறது என்பதற்காக மென்பொருளை மாற்றுவது அரிது. நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் ஒரு டெபியன் பதிப்பு ஐந்து ஆண்டு உயிரோடிருக்கும். 25.2இன் முன்வெளியீட்டில் ஒருவரும் கவனிக்காமல் விட்ட தமிழ்க் குறை 2030 வரை அலுவலகங்களில் இருக்கக்கூடும். முன்வெளியீட்டுப் பொதியை நிரலாளர்களின் உள்விவகாரம் என்று விட்டுவிட முடியாததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இந்த வேலை ஒருசிலர் தோளில் நிற்கிறது. 2023 ஜூனில், பெடோராவுக்கு ஆதரவளிக்கும் ரெட் ஹற் நிறுவனம் லிப்ரே ஒபிஸுக்கான பொதி வேலையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. பெடோராவில் அந்தப் பொதிகள் பராமரிப்பாளர் இன்றி நின்றன. பிறகு தன்னார்வலர்கள் குழுவாகச் சேர்ந்து பொறுப்பேற்றார்கள். முழு மென்பொருளின் பொதிகளுக்கே இந்த நிலை என்றால், தமிழ்ப் பொதியைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது கவலைக்குரியது.

தமிழில் இதற்கு முன் எடுத்த வழி வேறு. இந்திய அரசு 2005 ஏப்ரல் 15இல் சென்னையில் தமிழ் மென்பொருள்கள் அடங்கிய குறுவட்டை இலவசமாக வெளியிட்டது. அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சீ-டாக் உருவாக்கிய பாரதீய ஓபின் ஒபிஸ் அதில் இருந்தது. பலரிடம் தமிழ் அலுவலக மென்பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்த நல்ல முயற்சி அது. ஆனால் வட்டில் பதித்த பதிப்பு வட்டோடு நின்றுவிடும். மூல மென்பொருள் வளர வளர இடைவெளி பெருகும். சென்னை சீ-டாக் 2007இல் வெளியிட்ட போஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் ஏறியது. டெபியன் பொதியில் ஒரு தமிழ்க் குறையைத் திருத்தினால் அந்தத் திருத்தம் உபுண்டு, மின்ட், போஸ் என்று கீழே உள்ள வழங்கல்களுக்கெல்லாம் தானாக வழிந்து போகும். எத்தனை வட்டு அச்சிட்டாலும் அந்தப் பலன் வராது.

இலங்கைத் தமிழருக்குத் தனியான தேவைகள் உண்டு. லினக்ஸில் இலங்கைத் தமிழுக்கென்று தனி வட்டார அமைப்பு இருக்கிறது. தட்டச்சு மரபில் வந்த ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கிறது. பெரிய தலையிடி பழைய கோப்புகள். யாழ்ப்பாணத்திலும் தீவுப்பகுதியிலும் கோயில் அறிவித்தல், சனசமூக நிலையக் கூட்டக் குறிப்பு, பாடசாலை வினாத்தாள் என்று ஏராளமானவை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினி ஒருங்குறி அல்ல. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கிறது. ‘தமிழ்’ என்று அடித்த சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். பண்ணைப் பாலம் தாண்டி அல்லைப்பிட்டியில் ஒரு சனசமூக நிலையம் தன் பழைய கணினியில் லினக்ஸை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாமினி எழுத்துருவை நிறுவாமல் பழைய கூட்டக் குறிப்பைத் திறந்தால் ஒரு சொல்லும் வாசிக்க முடியாது. எழுத்துரு இருந்தும் புதிய பதிப்பு ஆங்கில எழுத்தென்று எண்ணி வரித்தொடக்கத்தைத் தானாகப் பேரெழுத்தாக்கினால், ஒரு தமிழ் எழுத்து வேறொன்றாக மாறிவிடும். விண்டோஸின் லதா எழுத்துருவில் அமைத்த பக்கம், லினக்ஸின் லோகித் தமிழ் எழுத்துருவில் திறந்ததும் வரிகள் நகர்ந்து அடுத்த பக்கத்துக்கு வழிவதும் உண்டு. இப்படியான கோப்புகள் பேர்லினில் உள்ள சோதனையாளரிடம் இல்லை. அவை இருப்பது வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் உள்ள கணினிகளில்.

முன்வெளியீட்டைச் சோதிக்க நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. தி டொக்கியுமன்ட் பவுண்டேசன் தரும் அல்பாவும் பீட்டாவும் லிப்ரே ஒபிஸ் டெவ் என்ற வேறு பெயரில், தனி இடத்தில் நிறுவப்படுகின்றன. வழக்கமாகப் பயன்படுத்தும் பதிப்பையும் அதன் அமைப்புகளையும் அவை தொடுவதில்லை. உபுண்டு பயனருக்கு முன்வெளியீடுகளுக்கென்றே ஒரு தனிக் களஞ்சியம் உண்டு. சோதிக்கும் கோப்பின் பிரதியை மட்டுமே திறக்க வேண்டும், மூலக் கோப்பைத் தொடக்கூடாது. கெ, கே, கை, கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ ஆகியவற்றை அடித்துப் பார்க்கலாம். தமிழ்ச் சொற்பட்டியலை அகரவரிசைப்படுத்திப் பார்க்கலாம். பிடிஎப் ஆக்கி அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்க்கலாம். பழைய பதிப்பிலும் அதே குறை இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டால் அறிக்கையின் மதிப்பு பலமடங்காகும். பதிப்பெண், வழங்கலின் பெயர், எழுத்துருவின் பெயர், குறையைக் காட்டும் சிறிய மாதிரிக் கோப்பு, திரைப்பிடிப்பு ஆகியவற்றோடு அறிவிக்க வேண்டும். பவுண்டேசன் தந்த பதிப்பிலும் குறை தெரிந்தால் அவர்களுடைய வழுப்பதிவுக்கு எழுதுவது சரி. டெபியன் பொதியில் மட்டும் தெரிந்தால் டெபியனுக்கு எழுத வேண்டும்.

பெப்ரவரிப் பதிப்புக்கான முன்வெளியீடுகள் நவம்பர் முதல் ஜனவரி வரை வெளிவரும், ஓகஸ்ட் பதிப்புக்கானவை மே முதல் ஜூலை வரை. பழைய தமிழ்க் கோப்புகளை வைத்திருப்பவர்கள் அந்த வாரங்களில் ஒரு மாலையை ஒதுக்கி, அவற்றில் இரண்டு மூன்றைத் திறந்து பார்த்துக் கண்டதை எழுதி அனுப்ப வேண்டும்.