சேமிப்பாளர் மொழியில் வங்கி விதிகள்

பெங்களூரின் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட், 1882-ஆம் ஆண்டில் ஆங்கிலோ இந்தியரின் வேளாண் குடியிருப்பாகத் தோன்றியது. தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் பெருகியபின், பல மாநிலத் தொழிலாளரும் பிழைப்பு நாடி இங்கு வருகின்றனர். அவர்களுள் தமிழரும் உளர்.

வங்கிக் கணக்கு என்பது ஓர் ஒப்பந்தமாகும். அதன் விதிகளைச் சேமிப்பாளர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. கணக்குப் படிவம், பாஸ்புத்தகம் முதலியவை ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருக்கவேண்டுமென ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. கர்நாடகத்தில் வட்டார மொழி கன்னடம். எனவே, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்கு இவ்வேற்பாட்டின் பயன் கிட்டுவதில்லை.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை 2012-இல் ரிசர்வ் வங்கி வகுத்தது. அதனை அறியாதவர் சாதாரணக் கணக்கைத் தொடங்கி, இருப்புக் குறையும்போது கட்டணம் செலுத்த நேரிடுகிறது. கட்டணம் விதிக்குமுன் வாடிக்கையாளருக்கு அறிவித்து, ஒரு மாதமேனும் அவகாசம் அளிக்கவேண்டும் என்ற விதி 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அறிவிப்பைப் படிக்க இயலாதவருக்கு அந்த அவகாசம் பயன்படுவதில்லை.

இதற்குத் தீர்வு அரிதன்று. தமிழ்நாட்டில் கிளைகளுள்ள வங்கிகள், அங்கு வழங்கும் தமிழ்ப் படிவங்களை வைட்ஃபீல்ட் கிளைகளிலும் வைக்கலாம். எழுத்தறியாதோருக்கு இருப்பு, வட்டி, கட்டணம், முறையீடு ஆகியவற்றை ஊழியரே வாய்மொழியாக விளக்கலாம். 2014-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனம் வெளிப்படைத்தன்மையை ஓர் உரிமையாகக் கூறுகிறது. விதிகள் சேமிப்பாளருக்குப் புரியும்போதே அவ்வுரிமை நிறைவுபெறும்.